ஒளிச்சுற்றுச் சிப்: வரைவதும் அளப்பதும் – தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களின் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் இசிஇ, இயற்பியல் படிப்பவர்களும் அவர்களுக்குப் புராஜெக்ட் வழிகாட்டும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். எண்கள் எல்லாம் 220 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கானில், 1550 நானோமீட்டர் ஒளிக்குச் சொல்லப்பட்டவை. வேறு பொருளுக்குப் போனால் எண்கள் மாறும். வேலை செய்யும் முறை மாறாது.

ஒளிச்சுற்று என்று எதைச் சொல்கிறீர்கள்? ஃபைபரில் ஒளி போவதோடு இதற்கு என்ன சம்பந்தம்?

ஃபைபர் என்பது வழி மட்டும்தான். அதன் இரு முனையிலும் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின்சாரமாகவும் மாற்றும் டிரான்சீவர் இருக்கிறது. முன்பு அதற்குள் லேசர், ஒளியில் சிக்னலை ஏற்றும் மாடுலேட்டர், பிரிப்பான், ஒளியை உணரும் டிடெக்டர் ஒவ்வொன்றும் தனித்தனி உதிரிபாகம். அவற்றில் பெரும்பாலானதை ஒரே சிலிக்கான் துண்டில், கம்ப்யூட்டர் சிப் செய்யும் அதே லித்தோகிராஃபி முறையில் பொறிப்பதுதான் ஒருங்கிணைந்த ஒளிச்சுற்று. 1969-இலேயே பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் மில்லர் இந்த எண்ணத்தை எழுதிவிட்டார். சிலிக்கானில் மின்னூட்டத்தை மாற்றி ஒளிவிலகலை மாற்றலாம் என்பதை 1987-இல் சோரெஃப், பென்னெட் இருவரும் எண்களோடு காட்டினார்கள். இன்று டேட்டா சென்டர்களுக்குள் ஓடும் டிரான்சீவர்களில் கணிசமானவை இந்த வகைதான். மைக்ரோரிங் (நுண்ணிய வளைய) மாடுலேட்டர் வைத்த ஒளிச்சுற்றை ஸ்விட்ச் சிப்பின் பக்கத்திலேயே உட்காரவைக்கும் திட்டத்தை என்விடியா 2025 மார்ச்சில் அறிவித்தது.

சிலிக்கான் லேசர் தராது. அதற்கு இண்டியம் பாஸ்பைடு வேண்டும். தனியாகச் செய்து ஒட்டுகிறார்கள். முதல் புராஜெக்டில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

சுத்தமான அறை, கோடிக்கணக்கில் கருவி எதுவும் எங்கள் கல்லூரியில் இல்லை. பிறகு எதைச் செய்வது?

வேலையை நான்காகப் பிரியுங்கள்: சிமுலேஷன் (ஒளியின் போக்கைக் கணினியில் கணக்கிடுவது), லேஅவுட் (சிப்பின் வரைபடம்), ஃபேப் (சிப்பைப் பொறித்துச் செய்வது), சோதனை. முதல் இரண்டுக்கும் கடைசியில் வரும் டேட்டா பகுப்பாய்வுக்கும் ஒரு நல்ல லேப்டாப் போதும். பர்கூரில் இருந்தாலும் செட்டிக்கரையில் இருந்தாலும் அதே கணக்குதான். ஃபேப் பெரும்பாலும் யாரும் தன் கல்லூரியில் செய்வதில்லை, வெளியே அனுப்புகிறார்கள். சோதனைக்கு மட்டும்தான் கொஞ்சம் இடமும் காசும் வேண்டும். அதிலும் பாதியை இங்கேயே செய்யலாம்.

சிமுலேஷனோடு நிறுத்திக்கொண்டு கட்டுரை எழுதுவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. வளைவுகள் அழகாக இருக்கும். ஆனால் பொறித்த அலைவழியின் (ஒளி ஓடும் மெல்லிய சிலிக்கான் பட்டையின்) அகலம் 5 நானோமீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்ற கேள்வி வந்ததும் பதில் இருக்காது.

எந்த மென்பொருள்? 16 ஜிபி ரேம் போதுமா?

லேஅவுட்டுக்கு கேலேஅவுட். இலவசம், விண்டோஸிலேயே ஓடும். பைத்தானில் எழுதி வரைய ஜிடிஎஸ்ஃபேக்டரி. புலக் கணக்குக்கு, அதாவது ஒளியின் மின்காந்தப் புலத்தைக் கணக்கிட, எம்ஐடியில் உருவான மீப். அதுவும் இலவசம், ஆனால் விண்டோஸில் நேரடியாக நிறுவ முடியாது, டபிள்யூஎஸ்எல் போட்டு லினக்ஸுக்குள் ஓட்டுங்கள். லூமெரிக்கல் உரிமம் கல்லூரியில் இருந்தால் நல்லது. இல்லையென்று வேலை நிற்காது.

ரேம் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஒரு ரிங்கும் (வளையமாக மூடிய அலைவழி) பக்கத்து அலைவழியும் நெருங்கும் பகுதியை 10 × 6 × 2 மைக்ரான் பெட்டியாக எடுத்து 20 நானோமீட்டர் கட்டத்தில் பிரித்தால் 1.5 கோடி கட்டம். கட்டத்துக்கு 100 பைட் வைத்தாலும் 1.5 ஜிபிதான், லேப்டாப் தாங்கும். கிரேட்டிங் கப்ளரை (ஃபைபரின் ஒளியைச் சிப்புக்குள் இறக்கும் வரிப்பள்ளங்கள்) முழு முப்பரிமாணத்தில், 20 × 15 × 4 மைக்ரானில் எடுத்தால் 15 கோடி கட்டம், 15 ஜிபி. 16 ஜிபி எந்திரம் மூச்சுத் திணறும். அதனால் கிரேட்டிங்கை நீளவாட்டு வெட்டுமுகமாக இரு பரிமாணத்தில் போடுங்கள். கோணமும் உச்ச அலைநீளமும் அதிலேயே சரியாக வந்துவிடும்.

கட்டத்தை 20-இலிருந்து 10 நானோமீட்டராக்கி விடை எவ்வளவு நகர்கிறது என்று ஒரு முறையாவது பாருங்கள். இதைச் செய்யாமல் மூன்றாவது தசம இலக்கம் வரை எழுதுவதில் அர்த்தமில்லை.

எந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது?

அலைவழியின் மோடு கணக்கிலிருந்து. மோடு என்பது அலைவழிக்குள் ஒளி பரவும் வடிவம். 500 × 220 நானோமீட்டர் சிலிக்கான் பட்டை, சுற்றிலும் ஆக்சைடு. சிலிக்கானுக்கு 3.476, ஆக்சைடுக்கு 1.444. டிஇ மோடுக்கு (மின்புலம் சிப்பின் தளத்தில் கிடப்பது; செங்குத்தாக நிற்பது டிஎம்) விளைவு ஒளிவிலகல் எண் 2.44-ஐ ஒட்டியும், குழு ஒளிவிலகல் எண் (ஒளித் துடிப்பின் வேகத்தைச் சொல்வது) 4.2-ஐ ஒட்டியும் வர வேண்டும். 1.8 பக்கம் வந்தால் டிஎம் மோடைப் பிடித்துவிட்டீர்கள். குழு எண்ணைக் கணக்கிடும்போது சிலிக்கானின் ஒளிவிலகல் அலைநீளத்தோடு மாறுவதையும் சேர்க்க வேண்டும். நிலையான எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு 4.2 வரவில்லையே என்று தேடுபவர்கள்தான் அதிகம்.

இந்த 4.2 கையில் இருந்தால் மீதி மனக்கணக்கு. அலைநீளத்தின் வர்க்கத்தைக் குழு எண்ணாலும் சுற்று நீளத்தாலும் வகுத்தால் அடுத்தடுத்த ரெசனன்ஸ்களுக்கு (ரிங்குக்குள் ஒளி சேரும் அலைநீளங்களுக்கு) இடையிலான தூரம் வரும். 10 மைக்ரான் ஆரமுள்ள ரிங்குக்குச் சுற்றளவு 62.8 மைக்ரான், இடைவெளி சுமார் 9.1 நானோமீட்டர். ஒளியை இரு கைகளாகப் பிரித்து மறுபடி சேர்க்கும் மாக்-செண்டரில், கைகளுக்கு இடையே 100 மைக்ரான் நீள வித்தியாசம் வைத்தால் 5.7 நானோமீட்டர்.

முதல் சிப்பில் என்னென்ன வைக்க வேண்டும்? எங்கள் புது டிசைனை மட்டும் வைத்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அளந்து பிரித்தறிய முடியாத சுற்றை வரைந்தால், சிப் வந்த பிறகு ஒரு வளைவு கிடைக்கும். அதில் உங்கள் டிசைனின் குறை எது, ஃபைபர் பொருத்தியதன் குறை எது, ஃபேப்பின் குறை எது என்று சொல்லவே முடியாது.

முதலில் நேர் இணைப்பு: இரண்டு கிரேட்டிங் கப்ளர், நடுவில் குட்டை அலைவழி, வேறு எதுவும் இல்லை. சிப்பின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒன்றொன்று. மற்ற எல்லா அளவையும் இதைக் கழித்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து இழப்பு அளக்கும் சுருள்கள். இழப்பு சென்டிமீட்டருக்கு 2 டெசிபெல் என்று வையுங்கள். ஃபைபர் பொருத்தும்போதே ஒவ்வொரு முறையும் அரை டெசிபெல் முன்பின் வரும். ஆகவே 1, 2, 3 மில்லிமீட்டர் என்று சுருள் வைத்தால் சாய்வு அந்தப் பிசிறில் மூழ்கிவிடும். 0, 0.5, 1, 2, 3 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இடம் போய்விடும் என்ற பயம் வேண்டாம்: வழிகளுக்கு நடுவே 3 மைக்ரான் விட்டுச் சுற்றினால் 2 சென்டிமீட்டர் சுருள் சுமார் 300 × 300 மைக்ரானுக்குள் அடங்கும். நீளத்துக்கு எதிராக மொத்த இழப்பை வரைந்தால் சாய்வு அலைவழியின் இழப்பு. கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் இரண்டு கப்ளரின் இழப்பு. சுருளுக்குள் வளைவுகளின் எண்ணிக்கையை எல்லாவற்றிலும் ஒன்றாக வையுங்கள், இல்லாவிட்டால் வளைவு இழப்பும் சாய்வில் ஏறிவிடும்.

பிறகு மாக்-செண்டர், 100 மைக்ரான் வித்தியாசத்தில் ஒன்று, 50-இல் ஒன்று. குழு எண் உண்மையில் எவ்வளவு என்று இதுதான் சொல்லும். 30 நானோமீட்டர் ஸ்கேனில் ஐந்து அலை தெரியும், பொருத்திப் பார்க்க அது தாராளம்.

ரிங் என்றால் பக்கத்து அலைவழிக்கு விடும் இடைவெளியை ஒன்றாக வைக்காதீர்கள். 160, 180, 200, 220, 250 நானோமீட்டர் என்று ஐந்து ரிங். எந்த இடைவெளியில் ரெசனன்ஸ் மிக ஆழமாக இறங்கும் என்பது அலைவழியின் இழப்பைப் பொறுத்தது. இழப்போ சிப் வந்த பிறகுதான் தெரியும். ஒரே இடைவெளியில் ஒரே ரிங் வைப்பது சீட்டுக் குலுக்கல்.

இவை எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் உங்கள் புது டிசைன். அதையும் மூன்று பிரதி வையுங்கள். அலைவழியின் அகலத்தை 10 நானோமீட்டர் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று வைத்தால் இன்னும் நல்லது.

ரிங்கின் ரெசனன்ஸை ஐடியூ வகுத்த தொலைத்தொடர்பு அலைநீளச் சேனலுக்குச் சரியாக வரும்படி டிசைன் செய்ய முடியுமா?

காகிதத்தில் முடியும். அலைவழியின் அகலம் 1 நானோமீட்டர் மாறினால் ரெசனன்ஸ் ஏறத்தாழ 1 நானோமீட்டர் நகரும். தடிமன் 1 நானோமீட்டர் மாறினால் அதைவிட அதிகமாக, 2-ஐ ஒட்டி நகரும். 100 ஜிகாஹெர்ட்ஸ் சேனல்களின் இடைவெளியே 0.8 நானோமீட்டர்தான். வேஃபரின் (சிப்களைப் பொறிக்கும் வட்டச் சிலிக்கான் தகட்டின்) ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் தடிமன் சில நானோமீட்டர் மாறுவது சகஜம். ஆக ரெசனன்ஸ் எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எவ்வளவு இடைவெளியில் விழும் என்று மட்டும் சொல்லலாம்.

அதனால்தான் ரிங்கின் மேல் ஹீட்டர் வைக்கிறார்கள். சிலிக்கான் ரிங் ஒரு டிகிரிக்கு 70 முதல் 80 பிகோமீட்டர் நகரும். 9.1 நானோமீட்டர் முழுக்க நகர்த்த 120 டிகிரி சூடு வேண்டும், அது அதிகம். பாதி தூரத்துக்கு மேல் தேவைப்பட்டால் ரிங்கைப் பெரிதாக்கி ரெசனன்ஸ் இடைவெளியைச் சுருக்குங்கள்.

லேஅவுட்டில் அடிக்கடி வரும் பிழைகள் என்ன?

கப்ளர்களின் இடைவெளி முதலில். ஃபைபர் அரே (வரிசையாக அடுக்கிய ஃபைபர்கள்) 127 மைக்ரான் இடைவெளியில் வருகிறது. 125 என்று அடித்துவிட்டால் பக்கத்து ஃபைபரில் 2 மைக்ரான் விலகல். நான்காவது ஃபைபரில் 6. சாதாரணச் சிங்கிள் மோடு ஃபைபருக்கு 2.5 மைக்ரான் விலகினாலே 1 டெசிபெல் போகும், 6 மைக்ரானுக்கு 5 டெசிபெல்லுக்கு மேல் போய்விடும். 250 மைக்ரான் இடைவெளி அரேயும் உண்டு. சோதனை நடக்கும் இடத்தில் எது இருக்கிறது என்று கேட்டுவிட்டு வரையுங்கள்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத விரிசல். பாகத்தைச் சாய்கோணத்தில் சுழற்றி வைக்கும்போது 1 நானோமீட்டர் வட்டமிடலில் இரண்டு அலைவழிகளுக்கு நடுவே வெடிப்பு விழும். ஒரே லேயரில் இருப்பவற்றை மெர்ஜ் செய்துவிட்டு, டிஆர்சி (டிசைன் விதிச் சோதனை) ஓட்டி, இணைப்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, வளைவைப் பத்துப் பன்னிரண்டு கோடுகளால் வரைவது. ஒவ்வொரு முனையிலும் ஒளி சிதறும். 5 மைக்ரான் ஆரம் டிஇ மோடுக்குப் போதும் என்றாலும் இடமிருந்தால் 10 வையுங்கள். டிஎம் மோடுக்கு 5 ஆகாது.

மற்றவை சில்லறை: லேயர் எண் மாறிப்போவது, கப்ளர் எதிர்ப்பக்கம் பார்ப்பது, லேபிள் எழுத்து அலைவழி லேயரில் விழுவது. 193 நானோமீட்டர் லித்தோகிராஃபியில் 150-180 நானோமீட்டருக்குக் கீழே இடைவெளி கேட்காதீர்கள். எலக்ட்ரான் கற்றையில் 60 வரை போகலாம். எனவே மேலே சொன்ன 160 ரிங்கை ஃபேப்பின் விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிப்பை எங்கே செய்து வாங்குவது?

பலருடைய டிசைன்களை ஒரே வேஃபரில் சேர்த்துச் செலவைப் பங்கிடும் முறைக்கு எம்பிடபிள்யூ என்று பெயர். பெல்ஜியத்தின் ஐமெக், சிங்கப்பூரின் ஏஎம்எஃப், இங்கிலாந்தின் கார்னர்ஸ்டோன் ஆகியவை இப்படி நடத்துகின்றன. கனடாவின் அப்ளைடு நானோடூல்ஸ் எலக்ட்ரான் கற்றையில் எழுதித் தருகிறது. ஹீட்டர் வரை போதும் என்பவர்களுக்கு அது ஏற்றது. எதிலும் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கடைசித் தேதி தவறினால் அடுத்த ஓட்டம்தான். இறுதியாண்டு மாணவர் ஆகஸ்டில் தொடங்கி ஏப்ரலில் முடிக்க நினைத்தால் நேரம் ஒத்துவராது. மூன்றாம் ஆண்டிலேயே லேஅவுட் கிளம்பியிருக்க வேண்டும்.

நாட்டுக்குள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஐஎன்யூபி. மத்திய மின்னணுவியல் அமைச்சகத்தின் நிதியில், பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடி பம்பாய் போன்ற இடங்களின் நானோ ஃபேப் வசதியை வெளிக் கல்லூரிகளுக்குத் திறந்துவிடும் திட்டம் இது. அறிமுகப் பயிற்சி, கைப்பயிற்சி, பிறகு சொந்தத் திட்ட முன்மொழிவு என்று படிப்படியாகப் போகலாம். ஐஐடி மெட்ராஸிலும் சிலிக்கான் ஒளிச்சுற்றுக்கெனத் தனி மையம் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். காலையில் போய் அளந்துவிட்டு இரவு திரும்பிவிடலாம். பல மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வசதி இல்லை.

சிப் வந்துவிட்டது. எந்த வரிசையில் அளப்பது?

பெட்டியைத் திறந்ததும் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுங்கள். சிப்பின் முகத்தை இடுக்கியால் தொடக் கூடாது, ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

சிப்பை வெப்பநிலை கட்டுப்படுத்திய மேடையில் வைத்து 25 டிகிரியில் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் 15, 16 என்று கீழே இறக்கினால் சிப்பின் மேல் ஈரம் படியும். லேசர் 1550, ஒரு மில்லிவாட். ஃபைபர் அரேயை டிசைனில் சொன்ன கோணத்துக்கு, பொதுவாக 8 அல்லது 10 டிகிரிக்கு, சாயுங்கள். பக்கவாட்டுக் கேமராவில் பார்த்தபடி மெல்ல இறக்கி 20-30 மைக்ரான் உயரத்தில் நிறுத்துங்கள். ஃபைபரும் சிப்பின் மேற்பரப்பில் விழும் அதன் பிம்பமும் நெருங்கி வருவது தெரியும். இரண்டும் தொடப்போகும்போது நிறுத்துவதுதான் உயரத்துக்கு நம்பகமான அடையாளம்.

இப்போது நேர் இணைப்பில் வைத்துப் பக்கவாட்டில் தேடுங்கள். பவர் மீட்டரில் −60 டிபிஎம்மிலிருந்து (0 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்) சட்டென்று ஏறும். ஏறியதும் ஒளியின் மின்புலத் திசையை மாற்றும், மூன்று துடுப்புள்ள போலரைசேஷன் கண்ட்ரோலரைத் திருப்பி உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். கப்ளருக்கு 5 டெசிபெல் என்றால் ஒரு மில்லிவாட் உள்ளே போய் −10 டிபிஎம் வெளியே வரும். அதுதான் நல்ல எண். அதன்பின் 1500 முதல் 1580 வரை ஸ்கேன். கிரேட்டிங்கின் வளைவு மலை வடிவில் வரும். உச்சம் 1550-இல் இல்லாவிட்டால் கோணத்தை மாற்றுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் உச்சம் 6 முதல் 8 நானோமீட்டர் குட்டை அலைநீளப் பக்கம் போகும்.

நேர் இணைப்பை அளந்து சேமித்த பிறகே மற்ற சுற்றுகளுக்குப் போங்கள். பத்துச் சுற்றுக்கு ஒரு முறை திரும்பி வந்து அதே நேர் இணைப்பை மறுபடி அளந்து பாருங்கள். எண் மாறியிருந்தால் நடுவே எடுத்தவற்றை நம்ப முடியாது.

ஸ்கேனின் அடிவைப்பு முக்கியம். ரிங்கின் க்யூ (அலைநீளத்தை ரெசனன்ஸ் அகலத்தால் வகுத்த எண்) 20,000 என்றால் ரெசனன்ஸ் அகலம் 77 பிகோமீட்டர். 5 பிகோமீட்டர் அடியில் போகலாம். க்யூ ஒரு லட்சம் என்றால் அகலம் 15 பிகோமீட்டர்தான்; 1 பிகோமீட்டருக்கு மேல் போனால் பள்ளத்தின் அடியைத் தவறவிடுவீர்கள்.

ஒளியே வரவில்லை சார். சிப் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் சிப் இல்லை. லேசரிலிருந்து வரும் ஃபைபரை நேரே மீட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயே குறைந்தால் கனெக்டர். பச்சை நிறக் கனெக்டர் ஏபிசி, முகம் 8 டிகிரி சாய்வு. நீலம் பிசி, நேர் முகம். பச்சையை நீலத்தில் செருகினால் பல டெசிபெல் போவதோடு முகமும் கீறிவிடும். அடுத்து போலரைசேஷன்: டிஇ கப்ளரில் டிஎம் ஒளியை விட்டால் ஏதோ கசியும், அவ்வளவுதான். துடுப்புகளைச் சும்மா அசைத்தாலே மீட்டர் துள்ள வேண்டும். மூன்றாவது, சிப்பை 180 டிகிரி திருப்பி வைத்திருப்பது. கப்ளர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஃபைபர் சாய வேண்டும். மேற்சொன்ன மூன்றும் சரி என்றால்தான் உயரம், கோணம், லேஅவுட் என்று போக வேண்டும்.

வளைவில் சின்னச் சின்ன அலையாக வருகிறது. இரைச்சலா?

அளவாக, ஒரே இடைவெளியில் வந்தால் இரைச்சல் இல்லை. இரண்டு எதிரொளிப்புகளுக்கு நடுவே ஒளி அலைமோதுகிறது. இடைவெளியை அளந்தால் எந்த இரண்டு இடம் என்று கண்டுபிடிக்கலாம். இரண்டு கப்ளருக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் அலைவழி இருந்தால் அலையின் இடைவெளி 0.14 நானோமீட்டர். அதைவிட மிக நெருக்கமாக இருந்தால் வெளியே ஃபைபர் கனெக்டர்களைச் சந்தேகியுங்கள்.

ரெசனன்ஸ் ஒரு பக்கம் சாய்ந்து முக்கோணமாக வந்தால் ஒளி அதிகம். ரிங்குக்குள் சேர்ந்த ஒளி சிலிக்கானைச் சூடாக்கி, லேசரோடு சேர்ந்து ரெசனன்ஸையும் இழுத்துக்கொண்டு போகிறது. பவரை 10 டெசிபெல் குறைத்து மறுபடி எடுங்கள். வடிவம் நேரானால் அதுதான் காரணம். பள்ளம் இரண்டாகப் பிளந்திருந்தால் கதை வேறு: அலைவழியின் ஓரச் சொரசொரப்பில் ஒளி பின்னோக்கிச் சிதறுகிறது. அதைப் பவரைக் குறைத்துத் தீர்க்க முடியாது.

டியூனபிள் (அலைநீளத்தை மாற்றக்கூடிய) லேசர் வாங்க வழியில்லை. மலிவாக ஏதாவது?

இரண்டு வழி உண்டு. அகலப்பட்டை ஒளிமூலமும் ஆப்டிகல் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் இருந்தால் மாக்-செண்டர், கிரேட்டிங், சுருள் எல்லாம் அளந்துவிடலாம். அனலைசரின் பகுதிறன் 20 முதல் 50 பிகோமீட்டர் என்பதால் உயர் க்யூ ரிங் மட்டும் மங்கலாகத் தெரியும்.

இரண்டாவது, தொலைத்தொடர்புக்கு விற்கும் சாதாரண டிஎஃப்பி (ஒற்றை அலைநீள) லேசர். அதன் உள்வெப்பநிலையை மாற்றினால் டிகிரிக்கு 0.1 நானோமீட்டர் நகரும். 20 முதல் 40 டிகிரி வரை ஓட்டினால் 2 நானோமீட்டர் கிடைக்கும். 10 மைக்ரான் ரிங்குக்கு அது போதாது; 100 மைக்ரான் ஆரத்தில் வரைந்தால் ரெசனன்ஸ் இடைவெளி 0.9 நானோமீட்டர், இரண்டு பள்ளம் உள்ளே விழும். கையில் இருக்கும் லேசருக்கு ஏற்ப ரிங்கை வரையுங்கள்.

உள்ளூரில் கிடைப்பதை வைத்து மேடை அமைக்கலாமா?

தாராளமாக. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் பாலிஷ் போட்ட கிரானைட் பலகைக்குப் பஞ்சமில்லை. 90 × 60 × 10 சென்டிமீட்டர் பலகை சுமார் 145 கிலோ. கீழே ரப்பர் மெத்தை வைத்துத் தரைத்தளத்தில் போட்டால் நெடுஞ்சாலை லாரிகளின் அதிர்வை ஓரளவு விழுங்கிவிடும். கல்லில் துளை போட முனையாதீர்கள். மேலே துளைகள் உள்ள பிரெட்போர்டைப் பொருத்துங்கள். சிப் வைக்கும் செம்புத் தட்டு, ஃபைபர் பிடிக்கும் கை இவற்றை ஓசூர் சிஎன்சி பட்டறைகளில் வரைபடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். சிப்பைக் கீழிருந்து உறிஞ்சிப் பிடிக்கும் துளையை 1 மில்லிமீட்டருக்கு மேல் கேட்காதீர்கள்.

அதிர்வைவிடப் பெரிய எதிரி சூடு. 10 சென்டிமீட்டர் அலுமினியத் தூண் ஒரு டிகிரிக்கு 2.3 மைக்ரான் நீளும். ஏசி ஓடி நிற்கும்போது அறை மூன்று டிகிரி ஆடினால் 7 மைக்ரான். ஃபைபர் கப்ளரை விட்டே போய்விடும். தூண்களைக் குட்டையாக வையுங்கள், ஸ்டீல் என்றால் பாதிதான் நீளும். ஏசியை அளப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், காற்று நேரே மேடையில் அடிக்க விடாதீர்கள்.

ஃபைபர் ஒட்ட வேண்டியிருந்தால் ஊரில் இணையம் போடும் டெக்னீசியனிடம் ஃப்யூஷன் ஸ்பிளைசர் இருக்கும். அவர் கை உங்கள் கையைவிடப் பழகியது. அவர் மீட்டரை இரவல் வாங்கும்முன் அளவு வரம்பைப் பாருங்கள். −50 முதல் +26 வரை அளப்பது கேபிள் டிவி வகை. உங்களுக்கு வேண்டியது −70 முதல் +10 வரை அளக்கும் வகை.

கல் அறுக்கும் ஆலை பக்கத்தில் இருந்தால் தூசியில் குவார்ட்ஸ் கலந்திருக்கும். அது ஃபைபர் முகத்தைக் கீறும். ஒவ்வொரு முறை செருகும்முன்னும் பஞ்சில்லாத துணியால் உலரத் துடைத்து, போகாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஃபைபர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

வேகச் சோதனை, ஐ டயாக்ரம் (சிக்னலின் தரத்தைக் காட்டும் படம்) எல்லாம் இங்கே செய்ய முடியுமா?

முடியாது, அதற்கு ஆசைப்படவும் வேண்டாம். ஆர்எஃப் புரோப், பேட்டர்ன் ஜெனரேட்டர், சாம்ப்ளிங் ஆஸிலோஸ்கோப் என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டு விலை. இங்கே டிசி சோதனையை முழுசாகச் செய்துவிட்டு அந்தக் கருவிகள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்: ஹீட்டரின் மின்தடை, அரைச் சுற்று நகர்த்தும் திறன் (20-30 மில்லிவாட் எதிர்பார்க்கலாம்), டயோடின் வோல்டேஜ்-கரண்ட் வளைவு. ஹீட்டரில் கரண்டைச் சிறு அடியாக ஏற்றுங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் கம்பி எரிந்துபோகும். மின்தடம் நீளமாக இருந்தால் நான்கு முனை முறையில் அளங்கள், இல்லாவிட்டால் கம்பியின் மின்தடையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

1550 கண்ணுக்குத் தெரியாதே, ஆபத்தா?

ஒரு மில்லிவாட்டில் அச்சமில்லை. ஃபைபர் பெருக்கியை இணைத்தால் நூற்றுக்கணக்கான மில்லிவாட் வரும். அப்போது அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி கட்டாயம். எப்போதுமே லேசரை அணைத்துவிட்டுத்தான் ஃபைபர் முகத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

அறிக்கையில் எதை எழுதாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்?

எத்தனை சிப், எத்தனை பிரதி அளந்தீர்கள் என்பது. சிப்பின் வெப்பநிலை. ஒளி எவ்வளவு உள்ளே போனது, ஃபைபரில் அளந்ததா அலைவழியில் கணக்கிட்டதா என்பது. கப்ளர் இழப்பைக் கழித்தீர்களா இல்லையா என்பது. இழப்புக்கு ஒரே எண்ணைக் கொடுக்காமல் பொருத்திய கோட்டின் பிழையோடு கொடுங்கள். சிமுலேஷன் வளைவை அளவின் மேல் சரியாக உட்காரவைக்க அலைநீளத்தை நகர்த்தியிருந்தால், எத்தனை நானோமீட்டர் நகர்த்தினீர்கள் என்பதையும் படத்தின் கீழேயே எழுதுங்கள்.